தொண்டைப் புற்றுநோய்க்குக் ‘கரண்ட்’ வைத்தியம்: எந்த முறை யாருக்கு? காவிரிக் கரைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆடிப்பெருக்கு அன்றைக்கே சித்தப்பாவின் குரல் கம்மியிருந்தது. ஆற்றில் குளித்த சளி என்றார். சுக்குக் காபி, மிளகுப் பால், பனங்கற்கண்டு என்று ஐப்பசி வரை ஓட்டிவிட்டார். பாபநாசத்தில் ஒரு டாக்டர், “ஐயா, எத்தனை நாளா குரல் இப்படி இருக்கு?” என்று கேட்டார். “ஆடிப்பெருக்குலேர்ந்து இருக்குங்க” என்று இவர் சொன்னதும், அன்றைக்கே தஞ்சாவூருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். குரல் நாணில் புற்று.

அதே வருஷம் குடவாசல் பக்கம் இருக்கும் அத்தைக்கு டான்சிலில் புற்று. கழுத்தில் நெறிக்கட்டியும் இருந்தது. இரண்டு பேருக்கும் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் பக்கத்தில் அதுதானே பெயர். ஆனால் இருவருக்கும் வைத்த முறை வேறு, நாள் கணக்கு வேறு, பட்ட வேதனையும் வேறு. “அவளுக்கு மட்டும் நல்ல மெஷின், எனக்கு சாதா மெஷினா?” என்று சித்தப்பா ஒரு நாள் மனம் நொந்து கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இதெல்லாம் கற்றுக்கொண்டேன். நான் டாக்டர் இல்லை. இரண்டு பேருக்குத் துணையாக ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தவன், அவ்வளவுதான். மருத்துவ முடிவு உங்கள் டாக்டருடையது. அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

முதல் படி: தொண்டையில் எந்த இடம்?

நாம் தொண்டை என்று ஒரே சொல்லில் சொல்வதை டாக்டர்கள் நாலைந்து இடமாகப் பிரிக்கிறார்கள். குரல் நாண்கள் இருக்கும் குரல்வளை. டான்சிலும் அடிநாக்கும் இருக்கும் நடுத்தொண்டை. உணவுக்குழாய்க்கு மேலே இருக்கும் கீழ்த்தொண்டை. மூக்குக்குப் பின்னால் இருக்கும் மேல்தொண்டை. சிகிச்சை முறையைத் தீர்மானிப்பது முதலில் இந்த இடம்தான்.

குரல் நாணில் வந்தால் ஒரு வகையில் அதிர்ஷ்டம். சின்னப் புள்ளியாக இருக்கும்போதே குரல் மாறிவிடுவதால் சீக்கிரம் பிடிபடும். அங்கே நிணநீர்க் குழாய்கள் மிகக் குறைவு, அதனால் கழுத்துக்குப் பரவுவதும் தாமதமாகும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இருந்தால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். கீழ்த்தொண்டை இதற்கு நேர் எதிர். விழுங்கச் சிரமம், ஒரு பக்கக் காது வலி, கழுத்துக் கட்டி என்று தெரியவரும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். மேல்தொண்டைப் புற்றுக்குக் கத்தி எட்டாது, அங்கே கதிர்வீச்சுதான் முதல் வைத்தியம். நடுத்தொண்டைப் புற்றில் ஒரு பகுதி எச்பிவி என்ற வைரஸால் வருவது. அது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும், அதற்கு பி16 என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பங்கு பீடி, சிகரெட், சாராயம், வெற்றிலையோடு போடும் புகையிலை இவற்றால் வருவதுதான். வேதாரண்யத்துப் புகையிலையும் கும்பகோணத்து வெற்றிலை சீவலும் நம் வீட்டு விசேஷங்களில் எவ்வளவு ஊறிப்போனவை என்று நான் சொல்லத் தேவையில்லை. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையே புற்றுண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

ஆகவே முதலில் மூன்று விஷயத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: சதைப் பரிசோதனையின் முடிவு, புற்று எந்த இடம், எந்த நிலை. நிலையை டி, என், எம் என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். டி என்பது கட்டியின் அளவு, என் என்பது கழுத்து நெறிக்கட்டி, எம் என்பது தூரத்து உறுப்புகளில் பரவியிருக்கிறதா என்பது. சித்தப்பாவுக்கு டி1 என்0, அதாவது ஆரம்ப நிலைக் கட்டி, நெறிக்கட்டி இல்லை. அத்தைக்கு டி2, நெறிக்கட்டி இரண்டு.

இரண்டாம் படி: கத்தியா, கரண்டா?

ஆரம்ப நிலைக் குரல் நாண் புற்றுக்கு லேசர் அறுவையும் கதிர்வீச்சும் ஏறக்குறைய சமம். டி1 நிலையில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அருகில் கதிர்வீச்சு மட்டுமே போதுமானதாக இருக்கிறது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தவறில்லை.

நோய் முற்றியிருந்தால் கணக்கு மாறும். ஒரு காலத்தில் குரல்வளையை அப்படியே எடுத்துவிடுவார்கள். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரிடம் நடத்தி 1991-இல் வெளியிட்ட ஆய்வு அதை மாற்றியது. கீமோவும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் குரல்வளையைக் காப்பாற்றிக்கொண்டார்கள், உயிர் பிழைப்பதிலும் குறைவில்லை. இன்றைக்கு வழக்கத்தில் இருப்பது கதிர்வீச்சோடு சேர்த்தே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுப்பது. சிறுநீரகமோ காதோ அதைத் தாங்காது என்றால் டோசிடாக்சல் கொடுக்கலாம் என்று மும்பை டாடா நினைவு மருத்துவமனை டாக்டர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

ஆனால் குரல்வளைக் குருத்தெலும்பையே புற்று அரித்து வெளியே வந்துவிட்டால், அறுவை செய்து பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு கொடுப்பதே நல்லது. “எப்படியாவது குரலைக் காப்பாத்துங்க” என்று அப்போது டாக்டரை நெருக்காதீர்கள். விழுங்கவும் மூச்சுவிடவும் முடியாத குரல்வளை இருந்தும் பயனில்லை.

மூன்றாம் படி: முறைகளைப் புரிந்துகொள்வது

மெஷின் வேறு, முறை வேறு. இதைப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மெஷின் இரண்டு வகை. கோபால்ட் மெஷினுக்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கும். அதன் வீரியம் சுமார் 5.3 வருஷத்தில் பாதியாகும், அதனால் மெஷின் பழசாகப் பழசாக ஒவ்வொருவரும் படுத்திருக்க வேண்டிய நேரம் கூடும். சென்னை அடையாறில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் பக்கத்துப் புதுக்கோட்டைக்காரர், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். கோபால்ட் வைத்தியம் நம் நாட்டில் வேர்பிடித்த இடங்களில் அந்த மருத்துவமனை முக்கியமானது. இன்னொரு வகை லினாக். அதில் கதிரியக்கப் பொருளே கிடையாது. மின்சாரத்தால் எக்ஸ்-ரே கதிரை உண்டாக்குகிறது. சுவிட்சை அணைத்தால் கதிர் நின்றுவிடும்.

இனி முறைகள். சித்தப்பாவுக்கு நான் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பழைய முறை, கழுத்தின் இரண்டு பக்கமிருந்தும் பெரிய சதுரமாகக் கதிர் பாய்ச்சுவது. ஒரே மடையைத் திறந்து பத்து வயலுக்கும் தண்ணீர் விடுவது மாதிரி. தண்ணீர் வேண்டிய வயலும் நனையும், வரப்பில் காயவைத்த எள்ளும் நனையும். இங்கே வீணாய் நனைவது காதடியில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி.

முப்பரிமாண முறை, அதாவது 3டி-சிஆர்டி, அடுத்த கட்டம். சிடி ஸ்கேன் எடுத்து, கட்டியின் உருவத்துக்கு ஏற்ப கதிரின் ஓரத்தை வெட்டி அனுப்புகிறார்கள். ஓரம் பொருந்துமே தவிர, உள்ளே எல்லா இடத்துக்கும் ஒரே அளவுதான் பாயும்.

ஐஎம்ஆர்டி என்பது வயலுக்கு வயல் தனி மடை வைத்து, இதற்கு முழங்கால் தண்ணீர், அதற்குக் கணுக்கால், அந்தக் கடைசி வயலுக்குச் சொட்டுக்கூட வேண்டாம் என்று பாய்ச்சுவது. மெஷினின் வாயில் மெல்லிய உலோகத் தகடுகள் டஜன் கணக்கில் திறந்து மூடி கதிரின் அளவை இடத்துக்கு இடம் மாற்றுகின்றன. கட்டிக்கு 70 கிரே, பக்கத்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சராசரி 26 கிரேக்குள், தண்டுவடத்துக்கு 45 கிரேக்கு மேல் போகக்கூடாது என்று திட்டம் போட முடிவது இதனால்தான். கிரே என்பது கதிரின் அளவு. பலன் எவ்வளவு? பிரிட்டனில் 2011-இல் வெளியான ஒரு ஆய்வில், பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு ஒரு வருஷம் கழித்தும் வாய் வறட்சி தொல்லை கொடுத்தது. ஐஎம்ஆர்டி பெற்றவர்களில் 38 சதவீதம். ஆனால் புற்றைக் கட்டுப்படுத்துவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ஐஎம்ஆர்டி உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது என்பதைவிட, பிழைத்த பிறகு சோறு இறங்கும்படி வாழவைக்கிறது என்பதே சரி. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. தண்ணீர்ச் சொம்பு இல்லாமல் ஒரு கவளம் விழுங்க முடியாதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விமேட், ரேபிட் ஆர்க் என்று சொல்வதெல்லாம் ஐஎம்ஆர்டியின் தம்பிதான். மெஷின் சுற்றிக்கொண்டே கதிரைப் பாய்ச்சும். பத்துப் பதினைந்து நிமிஷ வேலை சில நிமிஷத்தில் முடியும். எச்சில் விழுங்க முடியாமல் மல்லாந்து படுத்திருப்பவருக்கு அந்த நேர மிச்சம் பெரிய ஆறுதல். ஐஜிஆர்டி என்பது தனி முறை இல்லை, கதிர் வைக்கும் முன் மேஜையிலேயே ஸ்கேன் எடுத்து இடம் சரியா என்று பார்ப்பது. ஐஎம்ஆர்டி செய்யும் இடத்தில் இதுவும் இருக்கிறதா என்று அவசியம் கேளுங்கள். மடையைக் குறுக்கிய பிறகு வரப்பு நகர்ந்தால் பயிர் காயும் அல்லவா?

பிராக்கிதெரபி என்பது இரிடியம்-192 என்ற பொருளைக் குழாய் வழியாகக் கட்டிக்குள்ளேயே கொண்டுபோவது. டான்சில், அடிநாக்கில் சிறு கட்டிகளுக்கு, அனுபவம் உள்ள சில இடங்களில் மட்டும். எஸ்பிஆர்டி என்பது சில நாளிலேயே பெரிய அளவில் கொடுத்து முடிப்பது. முன்பு கதிர் வாங்கிய இடத்தில் திரும்ப வந்த புற்றுக்கு உதவலாம். முதல் முறை சிகிச்சைக்கு அது வழக்கமில்லை, “அஞ்சே நாள்ல முடிச்சிடலாம்” என்று யாராவது சொன்னால் இரண்டாவது டாக்டரையும் கேளுங்கள்.

கடைசியாக புரோட்டான். எக்ஸ்-ரே உடலைத் துளைத்து மறுபக்கம் போகும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் வேகத்தை இறக்கிவிட்டு நின்றுவிடும். சென்னையில் 2019 முதல் தனியார் மையம் ஒன்றில் இருக்கிறது. செலவு பல லட்சம். தொண்டைப் புற்றில் ஐஎம்ஆர்டியைவிட இது எவ்வளவு மேல் என்பதில் வெளிநாட்டு ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கபால அடிவரை போன மேல்தொண்டைப் புற்று, இரண்டாம் முறை கதிர்வீச்சு, சிறு பிள்ளைகள் இவர்களுக்கு யோசிக்கலாம். இதற்காக நிலத்தை விற்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

நான்காம் படி: உங்களுக்கு எது?

சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. ஆரம்ப நிலைக் குரல் நாண் புற்றுக்குக் கதிர் பாய்ச்ச வேண்டிய இடம் சுமார் 5 சென்டிமீட்டர் சதுரம். உமிழ்நீர்ச் சுரப்பிகள் அந்தச் சதுரத்துக்கு வெகு மேலே இருக்கின்றன. நனையாத எள்ளுக்கு எதற்குத் தனி மடை? முப்பரிமாண முறையே போதும், கோபால்ட் மெஷினில்கூட நல்ல பலன் உண்டு. அவருக்கு ஒரு நாளைக்கு 2.25 கிரே வீதம் 28 நாளில் 63 கிரே. சொந்தக்காரர்கள் நகையை அடகு வைத்தாவது ‘பெரிய மெஷின்’ பார்க்கலாம் என்றபோது, டாக்டர்தான் தடுத்தார். “இவருக்கு அது தேவையில்ல. அந்தக் காசுல ஆறு வாரம் தஞ்சாவூர்லயே தங்கி நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க” என்றார்.

அத்தைக்கு அப்படி இல்லை. டான்சிலோடு கழுத்தின் இரு பக்கமும் கதிர் போக வேண்டும், சுரப்பி பக்கத்திலேயே இருக்கிறது. ஐஎம்ஆர்டி, 35 நாள், 70 கிரே, வாராவாரம் கீமோ. கழுத்து நெறிக்கட்டி, நடுத்தொண்டை, மேல்தொண்டை, கீழ்த்தொண்டை என்றால் ஐஎம்ஆர்டியோ விமேட்டோ கேட்டு வாங்குங்கள். அருகில் இல்லையென்றால் அது இருக்கும் இடத்துக்கு மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். ஆனால் அந்த மாற்றத்துக்காக இரண்டு மாதம் வரிசையில் நிற்க வேண்டும் என்றால், பக்கத்தில் உடனே கிடைக்கும் முறையைத் தொடங்குவது பற்றி டாக்டரோடு பேசுங்கள்.

ஐந்தாம் படி: நாள் தவறாமல் போவது

இதை எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். வாரம் ஐந்து நாள், ஐந்தரை முதல் ஏழு வாரம். நடுவில் நாள் விட்டால் மிச்சமிருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருகும். சிகிச்சை ஒரு நாள் நீண்டால் புற்று கட்டுப்படும் வாய்ப்பு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் விடுபட்ட ஐஎம்ஆர்டியைவிட முழுமையாக முடித்த சாதா முறை மேல்.

நம் ஊரில் நாள் தவறுவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை. தை பிறந்தால் சம்பா அறுப்பு. சித்தப்பாவும், “அறுப்பு முடியட்டும், மாசியில வர்றேன் சார்” என்றார். டாக்டர் கோபப்படவில்லை. “அய்யா, கதிர் முத்துன வயலை நாலு மாசம் அறுக்காமப் போடுவீங்களா?” என்று மட்டும் கேட்டார். மறுவாரமே சிகிச்சைக்குப் போடும் முக மாஸ்க்குக்கு அச்செடுத்தோம்.

ஐப்பசி கார்த்திகை மழை இன்னொரு தடை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நாகை, திருவாரூர்ப் பக்கம் சாலையெல்லாம் மரம் விழுந்து கிடந்ததை நாம் பார்த்தோம். மழைக்காலத்தில் சிகிச்சை வந்தால் தினம் பஸ் ஏறாமல் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள். எங்களுக்கு ஒருமுறை மெஷின் பழுதாகி இரண்டு நாள் போனது. கேட்டோம், சனிக்கிழமை வைத்துச் சரிசெய்தார்கள். ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைப்பதும் உண்டு. நாமாகக் கேட்டால்தான் நடக்கும்.

எங்கே போவது? தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, திருச்சியின் தனியார் மருத்துவமனைகள், புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அடையாறு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. உங்களுக்கு எழுதியிருக்கும் முறைக்கு ஒப்புதல் வந்துவிட்டதா என்று தொடங்கும் முன்பே காப்பீட்டு மேசையில் கேளுங்கள். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் முழுச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். உழவன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிறவர்கள் டாக்டரிடம் அதற்கான படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தொடங்கும் முன்

பல்லை மறக்காதீர்கள். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். ஆடுகிற பல், சொத்தைப் பல்லை முன்கூட்டியே எடுத்து, இரண்டு மூன்று வாரம் ஆறவிட்டுத் தொடங்க வேண்டும். அத்தைக்கு நான்கு பல் போனது.

மாஸ்க் என்பது வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுப்பது. தினமும் அதைப் போட்டு மேஜையோடு பூட்டுவார்கள். மூச்சு முட்டாது, வலை முழுக்க ஓட்டைதான். பயமாக இருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தாடியை அச்செடுக்கும் முன்பே மழித்துவிடுங்கள். பீடி, புகையிலை, சாராயம் அன்றோடு நிற்க வேண்டும். சிகிச்சை நடக்கும்போது புகைப்பவருக்குக் கதிர் சரியாக வேலை செய்வதில்லை.

ஏழாம் படி: அந்த வாரங்கள்

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. “இவ்வளவுதானா?” என்பார்கள். மூன்றாம் வாரத்தில் வாய் புண்ணாகும், ருசி போகும், எச்சில் பிசினாகும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்பச்சோடா கலந்து இரண்டு மணிக்கு ஒருமுறை கொப்பளியுங்கள். கழுத்துத் தோலில் டாக்டர் சொல்லாத தைலம், மஞ்சள், பவுடர் எதையும் பூச வேண்டாம்.

எடை குறையக்கூடாது, அதுதான் வீட்டாரின் வேலை. காரமும் புளியும் வேண்டாம். உளுந்தங்கஞ்சி, ராகிக் கூழ், மோரில் குழைத்த சாதம், பாலில் அடித்த முட்டை வெந்தது, பருப்புக் கடைசல் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஆறு ஏழு வேளை. முடியவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போடுவார்கள். அத்தை “குழாய் போட்டா கடைசிக்காலம்” என்று அழுதார். அது தற்காலிகம், சிகிச்சை முடிந்து ஐந்து வாரத்தில் எடுத்துவிட்டார்கள். குழாய் இருந்தாலும் தினம் கொஞ்சம் தண்ணீரையாவது விழுங்கிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் விழுங்கும் தசை மறந்துபோகும். எடை இறங்கி மாஸ்க் தளர்ந்தால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், புதிதாக அச்செடுத்துத் திட்டம் போட வேண்டியிருக்கும்.

வெளியிலிருந்து கதிர் வாங்கியவர் உடம்பில் கதிர் தங்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். சித்தப்பா ஒரு மாதம் பேத்தியைத் தொடாமல் இருந்தார், யாரோ சொன்னதை நம்பி. அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

மூச்சு வாங்கும்போது சத்தம் கேட்டாலோ, ரத்தம் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட இறங்காவிட்டாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எட்டாம் படி: முடிந்த பிறகு

முடிந்த பிறகும் இரண்டு வாரம் வேதனை கூடும், பிறகு இறங்கும். ருசி சில மாதத்தில் திரும்பும், எச்சில் மெதுவாகத்தான். முற்றிய நோய்க்குக் கீமோவோடு சிகிச்சை எடுத்தவர்களுக்குச் சுமார் 12 வாரம் கழித்து, புற்று மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் எடுப்பார்கள். அவசரப்பட்டு முன்னால் எடுத்தால் புண்ணே புற்றாகத் தெரியும். முதல் வருஷம் டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல் காட்டுங்கள். தைராய்டும் கழுத்தில்தான் இருக்கிறது. ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை வேண்டும். அத்தைக்கு இரண்டாம் வருஷம் உடம்பு ஊதி, எப்போதும் தூக்கமாக இருந்தார். வயசு என்று நினைத்தோம், தைராய்டு குறைந்திருந்தது. இப்போது தினம் காலையில் ஒரு மாத்திரை. அவர் கோப்பின் முதல் தாளில் எத்தனை கிரே, எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பல் டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுகிறார்.